கொக்கிக்கு வேண்டிய கனம்

மோட்டார் இல்லை. பேட்டரி இல்லை.
இரவில் சுவரில் செருகி வைக்க வால் இல்லை.
நான்கு சுருள்வில், ஓர் இணைகரம்,
உடைத்த படகொன்றிலிருந்து மலிவாய்க் கிடைத்த அலுமினியம்,
தொடைக்கு ஒரு பட்டை, கெண்டைக்கு ஒரு பட்டை.
மூன்று ஆண்டில் நான் செய்தது இவ்வளவுதான்.

வால்பரைசோவில் ஏறாமல் யாரும் பிழைக்க முடியாது.
ரொட்டிக்கு இறங்கினால் ரொட்டியோடு ஏற வேண்டும்.
குன்றின் தண்டவாளத்தில் இரண்டு பெட்டிகள்,
ஒன்று இறங்கும் கனத்தில் மற்றது ஏறும்.
அதைப் பார்த்துத்தான் யோசனை வந்ததென்று
மானியம் கேட்ட கடிதத்தில் எழுதினேன்.
பொய்.
கழிப்பறைக் கதவின் வில் என் விரலை நசுக்கியபோது வந்தது.

கணக்கு இதுதான்:
கால் எழும்போது பூமி கேட்கும் கடனை
வில் சுருங்கிக் கொடுக்கும்.
கால் தாழும்போது பூமி திருப்பித் தருவதை
வில் நீண்டு வாங்கி வைக்கும்.
எந்த நிலையில் கூட்டினாலும் அதே தொகை.
விட்ட இடத்தில் நிற்கும் கால்,
நீரில் நிற்கும் மீன்போல.

நிபால்தோ ஒயார்சுன் செவ்வாய்க்கிழமை வந்தார்.
வயது ஐம்பத்தொன்று. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
பக்கவாதம் வலப்பக்கம் முழுதையும் கொண்டுபோய்
பாதியைத் திருப்பிக் கொடுத்திருந்தது.
"தூக்க முடியவில்லை, இழுக்க முடிகிறது" என்றார்,
"குடித்துவிட்ட மைத்துனனை இழுப்பதுபோல்."

ஒரு காலை வெட்டாமல் நிறுப்பது எப்படி?
அட்டவணை இருக்கிறது: உடலில் ஆறில் ஒரு பங்கு.
எப்போதோ பிணங்களைப் பகுத்து எடுத்த அளவு.
பன்னிரண்டு கிலோ என்று திருகினேன்.
பட்டை பூட்டிக் கையை எடுத்தேன்.

கால் தானாக எழுந்தது.
மெதுவாக, கூச்சமே இல்லாமல்,
வகுப்பில் விடை தெரிந்த பிள்ளையின் கைபோல்.
கால் போன போக்கில் என்பது இதுதானோ?
அவர் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.
இரண்டு ஆண்டு உழைக்காத அந்தத் தொடை
அட்டவணையில் கிடந்தவர்களின் தொடையைவிட மெலிந்திருந்தது.

படுக்க வைத்தோம். குதிகாலுக்கடியில் தராசு.
யாஸ்னா படித்தாள், நான் எழுதினேன், மறுபடி திருகினேன்.
இப்போது நின்றது.
முன்னே விட்டால் முன்னே, பின்னே விட்டால் பின்னே.
நோட்டில் சுழியம் போட்டேன்,
மூன்று ஆண்டு துரத்திய சுழியம்,
அதைச் சுற்றி இன்னொரு வட்டமும்.

நான்கு எட்டு வைத்தார். நின்றுவிட்டார்.
"தரை எங்கே இருக்கிறது?"

கீழேதான் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"கிரேன் கொக்கிக்கு மேலே
ஓர் இரும்புக் குண்டு தொங்கும், பார்த்திருக்கிறீர்களா?
சரக்கே இல்லாதபோதும் அது கனக்க வேண்டும்.
இல்லையென்றால் வடம் தொய்யும், காற்றுக்கு ஆடும்,
எங்கே இறங்குகிறோம் என்று கைக்குச் சொல்லாது.
அந்தக் குண்டை எனக்குத் திருப்பிக் கொடுங்கள்."

எவ்வளவு?
"கணக்கு உங்களுடையது."

அரைச் சுற்று தளர்த்தினேன். இல்லை என்றார்.
இன்னும் அரை. இல்லை.
நான் மும்முரமாய் இறுக்கியதையெல்லாம்
மண்டியிட்டு ஒவ்வொன்றாய்த் தளர்த்திக்கொண்டிருந்தேன்.
ஐந்தாம் சுற்றில் குதிகால் சிமெண்டில் பட்டு
டொக் என்றது.
அவர் பேசவில்லை. இன்னொரு முறை, டொக்.
காலின் கனத்தில் கால் பங்கு
பூமிக்கே விட்டுவிட்டோம்.

இதைக் கட்டுரையில் எப்படி எழுதுவது?
முழுச் சமன் எட்டப்பட்டது, அணிந்தவர் வேண்டாமென்றார், என்றா?

மாலையில் வெளிப்படிக்கட்டுக்குப் போக வேண்டுமென்றார்.
யாஸ்னா பின்னால், நான் பக்கத்தில்,
ஒரு நாய் எங்களுக்கு முன்னால்.
பதினோராம் படியில் கெண்டைப் பட்டை நழுவி
இயந்திரம் முழுதும் கால்சட்டையில் சிக்கியது.
துறைமுகத்தில் மட்டும் கேட்கக்கூடிய ஒரு வார்த்தை சொன்னார்.
அதை எழுதிக்கொள்ளவில்லை.
எழுதியது இது:
பட்டை, நான்கு சென்டிமீட்டர், போதாது.